புது அடுக்குமாடியில் குப்பைக்கு இடம் ஒதுக்குவது எப்படி: முதல்முறை பிளான் போடுகிறவர்களுக்கு

சென்னையில் கட்டப்போகும் ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பிளானை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கார் நிற்கும் இடத்துக்கும் நம்பர் போட்டிருக்கும், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், சம்ப், வாட்ச்மேன் அறை எல்லாம் குறித்திருக்கும், வாசலோரம் பிள்ளையாருக்குக்கூட ஒரு கட்டம் இருக்கும். குப்பைக்கு மட்டும் எங்கேயும் இடம் இருக்காது. கேட்டால், "அதெல்லாம் அசோசியேஷன் வந்தப்புறம் பார்த்துக்குவாங்க" என்பார்கள். அசோசியேஷன் வரும்போது எல்லா இடமும் விற்றுப் பத்திரமும் பதிந்து முடிந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்துகொடுத்த 60 வீட்டுக் கட்டடத்திலும் இதேதான் நடந்தது. ஆட்கள் குடிவந்த மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தபோது, மாடிப்படிக்குக் கீழே நான்கு நீல டிரம்கள், பக்கத்தில் பிதுங்கி வழியும் கறுப்புப் பைகள், அதிலிருந்து வடிந்த தண்ணீர் நேராக மழைநீர்க் கால்வாய்க்கு. தரைத்தள வீட்டில் ஒரு வயதான அம்மா ஜன்னலைத் திறக்கவே முடியாமல் இருந்தார். அந்தக் குப்பையைக் குனிந்து குனிந்து பிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கை கழுவ ஒரு குழாய்கூட அங்கே இல்லை. அந்தக் கட்டடத்தில் அதைச் சரிசெய்ய அதன்பிறகு ஒரு வழியும் கிடைக்கவில்லை. பார்வையாளர் கார் நிற்கும் இடம் இரண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி, சண்டைதான் மிச்சம். அன்றிலிருந்து எந்தப் பிளானைத் தொட்டாலும் தரைத்தளத்தில் காருக்குக் கோடு போடும் முன்னால் குப்பைக்குக் கோடு போட்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அதை எப்படிச் செய்வது என்றுதான். சின்ன பில்டர்கள், புதிதாக வேலைக்கு வந்த ஆர்க்கிடெக்டுகள், கட்டும்போதே வீடு வாங்கிவிட்டு "எங்க காம்ப்ளெக்ஸ்ல குப்பைக்கு என்ன ஏற்பாடு" என்று கேட்க நினைப்பவர்கள், எல்லோருக்கும் உதவும்.

முதலில் கணக்கு

எத்தனை வீடு, எத்தனை பேர் என்று ஆரம்பியுங்கள். நம் ஊர் நடுத்தர வர்க்கக் குடியிருப்புக்கு வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை கிலோ என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய பெரிய திட்டங்களில் (20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பும் அதற்கு மேலும்) ஆளுக்கு 0.6 கிலோ என்று போடுவதும் வழக்கம்.

100 வீடு என்றால் 400 பேர், நாளைக்கு 200 கிலோ. இதில் ஏறக்குறைய 60 சதவீதம் மக்கும் குப்பை, அதாவது 120 கிலோ. காகிதம், அட்டை, பிளாஸ்டிக், பால் கவர், பாட்டில் எல்லாம் சேர்ந்து 70 கிலோ என்று வையுங்கள். மீதி 10 கிலோவில் நாப்கின், டயப்பர், காலாவதியான மாத்திரை, பல்பு, பேட்டரி.

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்தான். கிலோவை வைத்து இடம் ஒதுக்கிவிடுவார்கள். குப்பைக்கு இடம் கிலோவில் வராது, லிட்டரில்தான் வரும். சமையலறைக் குப்பை ஈரமும் கனமுமாக இருக்கும், லிட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம் நிற்கும், ஆக 120 கிலோவுக்கு 300 லிட்டர் போதும். உலர்குப்பை காற்றடைத்த பை மாதிரி, லிட்டருக்கு 60 கிராம் நின்றாலே அதிகம். 70 கிலோவுக்கு 1,200 லிட்டர் வந்துவிடும். எடையில் பாதிக்குச் சற்று மேல், இடத்தில் நான்கு மடங்கு. போதாததற்கு மக்கும் குப்பை தினமும் போய்விடும், உலர்குப்பையை எடுக்க வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆள் வருவார் என்றால் ஏழு நாளைக்கு 8,400 லிட்டர், எட்டரை கன மீட்டர் சேரும். ஆன்லைனில் பொருள் வாங்குவது கூடக்கூட இந்தப் பக்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்காமல் அப்படியே போட்டால் இந்தக் கணக்கும் போதாது.

எட்டரை கன மீட்டரை சாக்கிலும் கம்பிக் கூண்டிலுமாக ஒன்றரை மீட்டர் உயரம் அடுக்கினால் தரையில் 6 சதுர மீட்டர் பிடிக்கும். நடக்க வழி, பிரிக்க மேசை, கதவு திறக்க இடம் எல்லாம் சேர்த்தால் 13, 14 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 140 முதல் 150 சதுர அடி. மக்கும் குப்பைக்கு 240 லிட்டர் சக்கரத் தொட்டி இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும், ஆனால் ஒரு நாள் வண்டி வராமல் போகும், அதனால் மூன்று வையுங்கள். நாப்கின், டயப்பருக்கு மூடியுள்ள 120 லிட்டர் தொட்டி இரண்டு.

சட்டம் என்ன கேட்கிறது

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தபோதே, 200 வீட்டுக்கு மேல் அல்லது 5,000 சதுர மீட்டர் மனைக்கு மேல் இருக்கும் குடியிருப்புகளுக்குக் குப்பையைப் பிரிக்கவும் சேமிக்கவும் பதப்படுத்தவும் தனி இடம் வளர்ச்சித் திட்டத்திலேயே குறிக்கப்பட வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்ற கணக்கில் வந்துவிடும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், 50 வீட்டைத் தாண்டினாலே நீங்கள் அந்த வரிசையில்.

2026 ஏப்ரல் 1 முதல் இதற்குப் பதிலாகப் புது விதிகள். மூன்றாகப் பிரித்த குப்பையை இப்போது நான்காகப் பிரிக்க வேண்டும்: ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர் வகை), சிறப்புக் கவனம் வேண்டிய கழிவு (மருந்து, பெயிண்ட் டப்பா, பல்பு போன்றவை). மொத்தக் கழிவு உற்பத்தியாளர் யார் என்பதற்கும் மூன்று அளவு: தளப்பரப்பு 20,000 சதுர மீட்டர், அல்லது நாளைக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, அல்லது நாளைக்கு 100 கிலோ குப்பை. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான தண்ணீர்க் கணக்குப்படி 40,000 லிட்டர் என்பது ஏறத்தாழ 75 வீடு. ஈரக்கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்பது பழைய விதியிலும் உண்டு, புதியதிலும் உண்டு. உங்கள் மாநகராட்சியோ நகராட்சியோ இதற்கு மேல் என்ன கேட்கிறது என்பதை பிளான் அனுமதிக்குப் போகும் முன்பே வார்டு சுகாதார ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள். போன வேளையில், உங்கள் தெருவுக்கு எந்த வண்டி வருகிறது, என்ன உயரம், எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த விடை உங்கள் கேட்டின் அகலத்தையே மாற்றலாம்.

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள்

குப்பை அறையை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், வீட்டில் ஒரே பக்கெட்டில் எல்லாம் விழுந்தால் கீழே வருவது கலந்த குப்பைதான். சமையலறையில் சிங்க்குக்குக் கீழே ஆர்ஓ ஃபில்டர், கேஸ் பைப், டிரெயின் பைப் எல்லாம் வந்து நிறைந்துவிடுகிறது, குப்பைக்கூடைக்கு இடமே இல்லை. அதனால் யுடிலிட்டி பால்கனியில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓர் இடம் காலியாக விடுங்கள், கீழே மக்கும் குப்பைக்கு 10 லிட்டர் வாளி, மேலே உலர்குப்பைக்கு ஒரு பை மாட்டக் கொக்கி. வாஷிங் மெஷின் வைத்த பிறகும் இந்த 60 சென்டிமீட்டர் மிஞ்சுகிறதா என்று வரைந்து பாருங்கள், பெரும்பாலும் மிஞ்சாது. பாத்ரூமில் மூடியுள்ள சின்னக் கூடைக்கும் ஒரு மூலை வேண்டும்.

அப்புறம் வீட்டிலிருந்து கீழே எப்படி வரும் என்பது. இரண்டு வழி. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஒவ்வொரு மாடியாக வந்து எடுப்பது, அல்லது வீட்டுக்காரர்களே கொண்டுவந்து போடுவது. ஐந்து மாடி வரை இரண்டாவது வழி நடக்கும் என்று நினைக்கிறோம், பாதிப் பேர்தான் செய்கிறார்கள், மீதிப் பேரின் குப்பை வாசலிலேயே இருக்கும். வாசல்தோறும் வந்து எடுப்பதாக இருந்தால் ஒரு நன்மை உண்டு, பிரிக்காத குப்பையை அந்த இடத்திலேயே சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். எந்த வழியானாலும் சரி, மாடிப்படித் திருப்பத்திலும் லிஃப்ட் முன்பும் பொதுத் தொட்டி வைக்காதீர்கள். தீப்பிடித்தால் ஆட்கள் இறங்கி ஓட வேண்டிய வழி அது.

வீட்டுக்காரர் நடந்து கொண்டுபோக வேண்டிய தூரத்துக்கு இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டுதலில் 30 மீட்டர் என்று ஓர் அளவு இருக்கிறது, மாடி இறங்கும் தூரம் சேராமல். நம்மூர் வெயிலுக்கும் மழைக்கும் அது நல்ல அளவு. பெரிய வளாகமாக நான்கைந்து பிளாக் இருந்தால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சின்ன சேகரிப்பு இடமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய அறையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குப்பை போடும் குழாய், அதாவது கார்பேஜ் ஷூட், வைக்கலாமா என்று உயரக் கட்டடக்காரர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். எந்த மாடியிலிருந்து யார் எதைக் கலந்து போட்டார்கள் என்று தெரியாது, குழாய்க்குள் ஒட்டியது அழுகும், கரப்பான் பெருகும், கழுவ ஆள் கிடைக்காது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களில் பல்லாண்டுகளாக இது உண்டு, அங்கேயே 2014 முதல் புதுக் கட்டடங்களில் மறுசுழற்சிப் பொருளுக்குத் தனியாக இரண்டாவது குழாய் வைக்கத் தொடங்கினார்கள், 2018 முதல் நான்கு மாடிக்கு மேற்பட்ட புதிய தனியார் குடியிருப்புகளுக்கும் இரட்டைக் குழாய் கட்டாயமானது. ஒரே குழாயில் பிரிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அறையை எங்கே வைப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். ஒரே நேரத்தில் ஏழெட்டு விஷயம் இழுக்கும்.

வண்டி வரும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் அதுதான் படுகிறது என்று இருக்கக் கூடாது. இரண்டாவதாக ஒரு சின்ன கேட் வைக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கும் கீழே வேண்டாம். காற்று பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள், சென்னையில் மாலைக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், ஆக கிழக்கு மூலையில் அறை வைத்தால் மொத்த வளாகத்துக்கும் நாற்றம் போகும். சம்ப், போர்வெல், மழைநீர் சேகரிப்புக் கிணறு, இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தமிழ்நாட்டில் 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்திலும் கட்டாயம், அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் குப்பைத் தண்ணீர் வடிந்தால் நேரே நிலத்தடி நீரில்தான் கலக்கும். ஈசானிய (வடகிழக்கு) மூலையில் குப்பை கூடாது என்று வாஸ்து பார்ப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள், அவர்களோடு வாதாட வேண்டிய அவசியமே இல்லை, நம் கட்டடங்களில் சம்ப்பும் கிணறும் பெரும்பாலும் அந்த மூலையில்தான் வரும், தண்ணீர்க் காரணத்துக்காகவே அந்த மூலையை நாம் விட்டுவிட வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டரின் டீசல் டேங்க், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போடும் இடம், இவற்றை ஒட்டியும் வேண்டாம். உலர்குப்பை அறை என்பது காகிதமும் பிளாஸ்டிக்கும் அடுக்கிய அறை, ஒரு பொறி போதும். உள்ளே ஒரு தீயணைப்பான் மாட்டுவதற்கும் இடம் குறியுங்கள்.

பேஸ்மென்ட்டில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டு காரணம். முதலாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த பேஸ்மென்ட்டுகள் எத்தனை என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, அந்தத் தண்ணீரில் குப்பையும் மிதந்தால் அதில் இறங்கி நடப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அறையின் தரை சாலை மட்டத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும், தாழ்வான பகுதி என்றால் இரண்டு அடிக்கும் மேல். இரண்டாவது காரணம் ராம்ப். 240 லிட்டர் தொட்டியில் ஈரக்குப்பை நிறைந்தால் தொட்டியோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டும். கார் ராம்ப் 8 அடிக்கு 1 அடி ஏற்றம். அதில் அந்தத் தொட்டியை ஒருவர் தள்ளி ஏற்றவே முடியாது, பின்னுக்கு உருண்டால் அவர் மேல்தான் விழும். தொட்டி போகும் வழியில் ஏற்றம் 12 அடிக்கு 1 அடிக்கு மேல் இருக்கவே கூடாது, படி ஒன்றுகூட வேண்டாம், கதவடியில் வாசற்படிக் கல் வைக்கும் பழக்கத்தை இந்த அறைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். உயர்த்திய தரைக்கும் சாய்தளம்தான் வேண்டும். இரண்டு அடி உயரத்துக்கு 24 அடி நீளச் சாய்தளம் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள், முதல் பிளானில் எல்லோரும் மறப்பது இது.

அறைக்குள்

தொட்டியின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு அதைச் சுற்றி அறையை வரையுங்கள். 240 லிட்டர் தொட்டி தரையில் 58க்கு 73 சென்டிமீட்டர் பிடிக்கும், உயரம் 107. கதவு 1.2 மீட்டர் அகலம். 1,100 லிட்டர் பெரிய தொட்டி வாங்கலாமா என்றால், அதைத் தூக்கிக் கவிழ்க்கும் வசதியுள்ள லாரி உங்கள் தெருவுக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். பேட்டரி வண்டியும் குட்டியானையும்தான் வரும் என்றால் அந்தத் தொட்டியைக் காலி செய்ய ஒரு மனிதர் உள்ளே இறங்கி அள்ள வேண்டியிருக்கும். அந்த நிலையை நாம் வரைந்து உண்டாக்கக் கூடாது.

தரைக்கு வழுக்காத டைல்ஸ் அல்லது அழுத்தித் தேய்த்த சிமென்ட், சுவருக்கு ஐந்தடி உயரம் வரை டைல்ஸ். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் இருக்கட்டும், கொத்தனாரிடம் பிளானில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் பாத்ரூமுக்கு விடும் வாட்டம்தான் விடுவார். தண்ணீர் போகும் துளையில் நஹானி டிராப்பும் (குழாயிலிருந்து நாற்றம் மேலே வராமல் தடுக்கும் அமைப்பு), வெளியே திப்பி தங்கும் ஒரு சின்ன சேம்பரும் வைத்து, கழிவுநீர்க் குழாயோடு இணையுங்கள். மழைநீர்க் கால்வாயோடு எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். குழாய் ஒன்று, ஹோஸ் மாட்டுகிற மாதிரி. கதவுக்குக் கீழே எலி நுழையாதபடி தகடு, மேலே இரு பக்கமும் கொசுவலை போட்ட காற்றோட்டம். ஜன்னல் ஒன்று வைத்துவிட்டால் காற்று வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், எதிரெதிர்ச் சுவரில் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். காக்கையும் பூனையும் நாயும் உள்ளே வராத கம்பிவலைக் கதவாக இருந்தால் பகலில் மூடியே வைத்திருக்கலாம்.

உலர்குப்பைப் பக்கத்தில் ஒரு மேசை கட்டாயம். இடுப்பு உயரத்துக்கு, 85 சென்டிமீட்டர், கடப்பாக்கல் பலகை போட்டால் போதும். அதற்கு நேர் மேலே ஒரு விளக்கு, ஒரு ஃபேன். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அங்கே நிற்கப்போகும் பெண்ணுக்கு முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும் என்றால் இந்த மேசை வேண்டும், தரையில் கொட்டிக் குத்தவைத்துப் பிரிப்பதை இனிமேலும் வழக்கம் என்று விடக் கூடாது. பக்கத்திலேயே கை கழுவ வாஷ்பேசின், சோப்பு வைக்க இடம், உடை மாற்ற ஒரு சின்ன அறை, ஒரு கழிப்பறை, சாப்பிட உட்கார ஒரு திண்ணை. குப்பை அறைக்கு இடமில்லை என்று சொன்ன பில்டர்கள்கூட இதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். 100 வீட்டின் அழுக்கைக் கையில் எடுக்கிற ஒருவர், கழிப்பறைக்குத் தெருமுனை வரை போக வேண்டும் என்று ஒரு பிளான் போட்டால் அந்தப் பிளான் தப்பு.

உலர்குப்பையைக் காகிதம், அட்டை, பெட் பாட்டில், பால் கவர், இரும்பு, கண்ணாடி என்று ஆறு கூண்டாகப் பிரிக்க முடிந்தால் காயலான் கடைக்காரரே வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார், அந்தப் பணம் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கே போகும் என்று முதலிலேயே அசோசியேஷன் முடிவு செய்துவிட்டால் பிரிப்பதும் ஒழுங்காக நடக்கும். உடைந்த கண்ணாடிக்கும், பல்பு, பேட்டரிக்கும் தனித்தனி மூடிய பெட்டி. பழைய செல்போன், சார்ஜர் போன்றவற்றுக்கு ஒரு பூட்டிய அலமாரி, 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும்.

உரத் தொட்டிகள்

120 கிலோ மக்கும் குப்பைக்கு எவ்வளவு இடம் என்று இப்போது பார்ப்போம். கேரளத்தில் தும்பூர்மூழி முறை என்று ஒன்று உண்டு, 4 அடிக்கு 4 அடிக்கு 4 அடி தொட்டி, பக்கமெல்லாம் காற்றுப் போக இடைவெளி. அந்த அளவையே எடுத்துக்கொண்டால் ஒரு தொட்டி 1,800 லிட்டர். தினமும் 300 லிட்டர் குப்பையோடு 100 லிட்டர் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ சேர்த்து அடுக்கடுக்காகப் போடுகிறோம், அது அமுங்கி அமுங்கிப் பாதியாகும், ஆக ஒரு தொட்டி நிறைய ஒன்பது நாள். நிறைந்த தொட்டியை மூடி 60 நாள் விட்டால் உரம். அப்படியானால் எட்டுத் தொட்டி வேண்டும். நான்கு நான்காக இரண்டு வரிசை, நடுவில் 4 அடி வழி, கிட்டத்தட்ட 22 சதுர மீட்டர். காய்ந்த இலை சேமிக்கவும் உரத்தைச் சலிக்கவும் இன்னொரு 8 சதுர மீட்டர். ஆக 30.

காய்ந்த இலை சேமிக்கும் இடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், பிறகு உரத் தொட்டி நாறுகிறது என்று பூட்டிவிடுவார்கள். ஈரம் அதிகமானாலும் காற்று போகாவிட்டாலும்தான் நாறும், இரண்டுக்கும் மருந்து காய்ந்த இலைதான். ஈரம் 50, 60 சதவீதத்துக்குள் இருந்து காற்றும் போனால், உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும், புழுவும் கிருமியும் அதில் சாகும். மேலே கூரை அவசியம், நம் வடகிழக்குப் பருவமழையில் திறந்த தொட்டி சேறாகிவிடும். கீழே வடியும் நீரை ஒரு சின்னக் குழியில் பிடித்துக் காய்ந்த பகுதியின் மேலேயே தெளிக்கலாம்.

இயந்திரம் வாங்கிவிட்டால் இவ்வளவு இடம் வேண்டாமே என்பார்கள், 24 மணி நேரத்தில் உரம் என்று விளம்பரமும் வரும். அது அரைத்துச் சூடாக்கி உலர்த்தித் தருகிறது, அதிலிருந்து வருவது முதிர்ந்த உரம் அல்ல, அதையும் சில வாரம் ஆறப்போட வேண்டும், அதற்கும் இடம் வேண்டும். மூன்று ஃபேஸ் மின்சாரம், பழுதுபார்ப்பு, சத்தம் எல்லாம் தனி. இடம் உண்மையிலேயே இல்லாத கட்டடத்துக்கு மட்டும் அதை யோசியுங்கள். ஆனால் கொட்டாங்குச்சியும் இளநீர் மட்டையும் வாழைத்தண்டும் அப்படியே போட்டால் மக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் ஒரு சின்ன நறுக்கும் இயந்திரத்துக்கு மின் இணைப்பு கொடுத்து வையுங்கள்.

எல்லாம் கூட்டுங்கள். உலர்குப்பை 14, தொட்டிகள் வைக்கவும் கழுவவும் 6, உரம் 30, ஆட்களுக்கான இடம் 8. மொத்தம் 58 சதுர மீட்டர். ஒரு கார் நிற்க 12.5 சதுர மீட்டர் என்றால், 100 வீட்டுக்கு ஐந்து கார் இடத்துக்கும் குறைவு. பில்டரிடம் பேசும்போது சதுர மீட்டரில் பேசாதீர்கள், இப்படிப் பேசுங்கள்.

கணக்கில் வராத நாட்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி, மாலை. தீபாவளிக்குப் பட்டாசுக் காகிதமும் பெட்டியும். போகிக்குப் பழைய பாய், தலையணை, மெத்தை. பொங்கலுக்குக் கரும்புச் சக்கை. இந்த நாட்களில் குப்பை வழக்கத்தைவிட மிக அதிகமாக வரும், அதே நாட்களில் எடுப்பவர்களுக்கும் விடுமுறை வேண்டும். அறைக்கு வெளியே கூரை போட்ட ஒரு மேடை 6 சதுர மீட்டருக்கு இருந்தால் சமாளிக்கலாம்.

இதைவிடப் பெரியது முதல் இரண்டு வருடம். சாவி கையில் வந்ததும் வீட்டுக்கு வீடு இன்டீரியர் வேலை தொடங்கும். ப்ளைவுட் துண்டு, உடைத்த டைல்ஸ், தெர்மாகோல், பெயிண்ட் டப்பா, சிமென்ட் சாக்கு. இந்த ரப்பிஷை வீட்டுக் குப்பையோடு மாநகராட்சி வண்டி எடுக்காது, அதற்குத் தனி ஏற்பாடு. குப்பை அறையில் இதை நுழையவிட்டால் அறை முதல் மாதமே போய்விடும். பின்னால் விளையாட்டுத் திடலாகவோ பார்வையாளர் பார்க்கிங்காகவோ ஆகப்போகும் ஓர் இடத்தை இரண்டு வருடத்துக்கு ரப்பிஷ் போடும் இடம் என்று குறித்து, மூன்று பக்கம் தடுப்புச் சுவர் வைத்து, வேலை செய்பவரே சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட வேண்டும் என்று விதி எழுதுங்கள்.

கையில் கொடுக்கும் முன்

பிளானில் வரைந்த குப்பை அறை, கட்டி முடிக்கும்போது ஸ்டோர் ரூமாகவோ இன்னொரு கார் பார்க்கிங்காகவோ மாறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் அனுமதி பெறும் வரைபடத்திலேயே அளவோடு அதைக் குறியுங்கள், விற்பனை ஒப்பந்தத்தில் பொது இடங்களின் பட்டியலில் அதன் பெயரும் சதுர அடியும் வரட்டும். வீடு வாங்குபவராக இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கட்டி முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு 240 லிட்டர் தொட்டியில் 100 கிலோ மணலைப் போட்டு, குப்பை அறையிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை நீங்களே தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே சக்கரம் மாட்டுகிறது, எந்தத் திருப்பத்தில் சுவர் இடிக்கிறது, எந்த மேன்ஹோல் மூடி தடுக்குகிறது என்று சாக்கட்டியால் குறியுங்கள். அப்புறம் அறையில் நான்கு வாளி தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். கொத்தனாரும் கான்ட்ராக்டரும் இன்னும் சைட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். குடிவந்து மூன்று மாதம் ஆனதும் ஒரு வாரம் முழுக்க ஒவ்வொரு வகையையும் எடை போட்டு எழுதி வையுங்கள், அடுத்த கட்டடத்துக்கு ஆளுக்கு அரை கிலோ என்று என் கணக்கை எடுக்காமல் உங்கள் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.